நாலு சட்டையும் ஒரு போர்வையும்

கண்டி மஹய்யாவையில் கத்தரீனா வீட்டுக்குப் போகிறவர்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் கதிரையில் உட்காருவார்கள். பேச்சு பேச்சாக இருக்கும்போதே அவள் கண் துணி மேல் போகும், கை கத்தரிக்கோலைத் தேடும். சின்ன வயதில் கன்னியர் மடத்தில் கற்ற வேலை. துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று தைத்து, உள்ளே பழந்துணி வைத்து, மேலே நெருக்கமாக நூலோட்டினால் ஒட்டுப்போர்வை. கண்டியைச் சுற்றியுள்ள பங்களாக் கட்டில்களில் பாதி தன் போர்வைதான் என்பாள். நம்புவதும் நம்பாததும் நம் பாடு.

ஆனால் 1931 ஐப்பசியில் அவள் முடித்த போர்வை திருட்டுத் துணியில் தைத்தது. இதை அவளே பிறகு ஒத்துக்கொண்டதால் நானும் தைரியமாகச் சொல்கிறேன்.

முந்தின வருஷம் அவள் தங்கச்சி பெற்றீசியாவின் புருஷன், தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து வலன்ரைன் மாஸ்டர், மூன்று நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். செத்தவர் உடுப்பை ஏழைகளுக்குக் கொடுப்பது கத்தோலிக்கரான அவர்கள் வழக்கம். போட்டுக்கொள்கிறவன் வேண்டிக்கொள்வான், உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிற ஆத்துமாவுக்குச் சீக்கிரம் விடுதலை கிடைக்கும். பெற்றீசியா நாலு சட்டையை மூட்டை கட்டி, "டவுன் கோயில் வாசல்ல குடுத்துரு அக்கா" என்று அனுப்பினாள். கத்தரீனாவும் கொடுக்கத்தான் நினைத்தாள். இஸ்திரி போட்டுக் கொடுப்போமே என்று விரித்தவள், ஒரு சட்டைப் பையில் மைக்கறையைப் பார்த்துவிட்டாள். மனிதர் பேனாவை மூடாமல் பையில் போடுகிறவர். அதைப் பார்த்ததும் அழுகை வந்தது. கொடுக்க மனம் வரவில்லை. ஒரு வாரத்தில் கத்தரிக்கோல் வந்துவிட்டது.

வருஷம் ஓடிப்போய், ஞாயிற்றுக்கிழமை தெல்தோட்டைக் கோயிலில் மாஸ்டருக்கு ஆண்டுப் பூசை. அதோடு பெற்றீசியா துக்கத்துக்கு உடுத்திய கறுப்பை மாற்ற வேண்டும். போர்வையைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் ஆசை, வாயைத் திறக்கவும் பயம். தங்கச்சி ஒரு முறை முகத்தைத் திருப்பினால் திருப்பினதுதான். கத்தரீனாவுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த உறவு அவள் ஒருத்தியே.

அதனால் சனிக்கிழமை காலை கொழும்புத் தெருவில் தாஸிம் நானாவின் துணிக்கடைக்குப் போய் நாலு தைத்த சட்டை கேட்டாள்.

மடவளைக்காரரான தாஸிம் நானா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "தைக்கிற நீங்களே தைச்ச சட்டை வாங்கினா நாங்க எங்க போற தங்கச்சி? ஊட்டுல ஆம்புளயும் இல்லயே!"

"ஏழைங்களுக்கு நானா. கேள்வி கேக்காம கட்டுங்க."

சட்டை ஐந்து நிமிஷ வேலை. போர்வையில் சுற்றுக்கரையும் நடுச் சதுரமும் மட்டும் பாக்கி; அந்தத் துணிக்குத்தான் ஒரு மணி நேரம். சுற்றுக்கரைக்கு நீலச் சீத்தைத் துணி உடனே பிடித்துவிட்டது. நடுச் சதுரத்துக்கு மட்டும் எதுவும் சரிவரவில்லை. நானா சுருள் சுருளாக அவிழ்த்துப் போட்டார். ஒன்று பளபளத்தது, ஒன்று அழுது வடிந்தது. கடைசியில் நீலத்திலேயே ஒரு துண்டைத் தற்காலிகமாக வைப்போம் என்று புறப்பட்டாள். நானா எல்லாவற்றையும் மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தார், பாவம்.

கோயில் வாசலில் நாலு கிழவர்களுக்கு நாலு சட்டை. ஒருவர் அங்கேயே போட்டுப் பார்த்து, கை நீளம் போதவில்லை என்று குறைப்பட்டார். பிறகு பஸ். கலஹா மலை வளைவுகளில் பஸ் குலுங்கக் குலுங்கக் கரையைத் தைத்து, நடுத் துண்டையும் வைத்து முடித்தாள். விரலில் ஊசி ஏழு தடவை ஏறியது. செய்ததற்கு இது வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தெல்தோட்டையில் மழை. பெற்றீசியா சுடச்சுட ரொட்டியும் சம்பலும் வைத்தாள். இரண்டாவது ரொட்டியில் அந்தக் கேள்வி வந்தது.

"அவரு சட்டையெல்லாம் யாருக்கு அக்கா குடுத்த? நாளைக்குப் பூசையில அவங்களயும் நெனைச்சுக்கணும்."

"கோயில் வாசல்ல நாலு பெரியவங்களுக்கு." பொய்யில்லையே என்று தெம்பு வந்தது. தெம்பு வந்தால் அவளுக்கு வாய் நீளும். "ஒருத்தரு, கை நீளம் பத்தலன்னு சொன்னாரு, பாரேன்!"

பெற்றீசியா ரொட்டியைக் கீழே வைத்தாள். "அவரு சட்டைக் கை நீளம்னு எப்பவும் ரெண்டு மடிப்பு மடிச்சுத்தானே விடுவாரு? யாருக்கு அக்கா அது பத்தாது?"

மாட்டிக்கொண்டாள். இனி மறைத்துப் பலனில்லை. மூட்டையை அவிழ்த்துப் போர்வையைக் கட்டிலில் விரித்தாள். நடந்ததைச் சொன்னாள், புதுச் சட்டை வாங்கிக் கொடுத்ததையும் சொன்னாள்.

பெற்றீசியாவின் விரல் சதுரம் சதுரமாகப் போனது. கோடு போட்டது, வெள்ளை, இளம் பழுப்பு. மைக்கறைப் பையைக் கத்தரீனா அப்படியே பையாகவே தைத்திருந்தாள். விரல் அங்கே நின்றது.

"அந்த ஆத்துமாவுக்குப் போக வேண்டியத வெட்டிப் போட்டிருக்கியே! ஒரு வருஷமா அவரு அங்க காத்துக்கிட்டு இருந்தா?"

சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கத்தரீனா, விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய்விடுவதென்று போர்வையை மடிக்கத் தொடங்கினாள்.

கதவு திறந்தது. பெற்றீசியா கையில் வெள்ளைச் சட்டை ஒன்று, கழுத்துப்பட்டி நைந்தது.

"அஞ்சு சட்டை இருந்திச்சு" என்றாள். "ஒண்ண நானும் குடுக்கல. தலகாணிக்குக் கீழ வச்சிருக்கேன். ஒன்னயச் சொல்ல எனக்கு என்ன யோக்கியத?"

இரண்டு பேரும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதார்கள், நடுநடுவே சிரித்தார்கள். கத்தரீனாவின் கண் வழக்கம்போலச் சட்டைக்குப் போனது. பெற்றீசியா அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இத மட்டும் கேக்காத!"

"நான் கேக்கவே இல்லயே" என்றாள் கத்தரீனா. நடுச் சதுரத்துக்கு அதைவிடப் பொருத்தமான துணி கண்டியில் கிடையாது என்பதை விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை பூசைக்கு முன், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் இருவரும் நின்றார்கள். மந்திரித்து வாங்கலாமென்று போர்வை மூட்டையையும் கத்தரீனா கொண்டுவந்திருந்தாள். மூத்தவள் முதலில் போனாள். சாமியார் பரிகாரமாக மூன்று செபமாலை விதித்தார். அடுத்து பெற்றீசியா போனாள். நேரமாயிற்று. வந்து பக்கத்தில் முழந்தாளிட்டாள், முகம் சிவந்திருந்தது.

"என்ன சொன்னாரு?" என்று கிசுகிசுத்தாள் கத்தரீனா.

"அந்தச் சட்ட இப்ப எங்கன்னு கேட்டாரு. அக்கா வெட்டிப் போர்வைக்கு நடுவுல வச்சிட்டான்னு சொல்லிட்டேன்."

"அடியே! பாவசங்கீர்த்தனத்துலயே பொய்யா?"

"பூசையில நன்ம அப்பம் வாங்கறதுக்குள்ள பொய்யில்லாம ஆக்கிரு" என்றாள் பெற்றீசியா. கறுப்புச் சேலை முந்தானைக்குள்ளிருந்து மடித்த சட்டையை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள். "கத்தரிக்கோல் கொண்டாந்திருப்பியே, எனக்குத் தெரியும்."

கொண்டுவந்துதான் இருந்தாள்.