துப்பாக்கிப் பெட்டியும் மயில்துத்தமும்

பழைய சீமைத் துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரு குறை உண்டு. துப்பாக்கி இருக்கும், அது கப்பலில் வந்தபோது படுத்திருந்த பெட்டி இருக்காது. கரையான் தின்றிருக்கும், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது மிளகாய் வற்றலைக் கொட்டிவைத்துப் பாழாக்கியிருப்பார்கள். சேகரிப்பவர்கள் பெட்டி இல்லாததைப் பாதித் துப்பாக்கியாகத்தான் மதிப்பார்கள். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது என் மனைவியின் தம்பியால்.

அவன் தச்சு வேலை கற்றவன். களமருதூரில் கூட வளர்ந்தவர்கள் நெல் வயலில் இறங்கியபோது இவன் மட்டும் உளியோடு கள்ளக்குறிச்சிக்கு வந்து, கச்சிராயபாளையம் சாலையில் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்தான். நான் ரசாயனத்தில் பட்டம் வாங்கியவன். வேலை இல்லை. அரசு வேலைக்கு ஆர்டர் வரும்வரை என்று சொல்லிக்கொண்டு அவன் பட்டறையில் உட்கார்ந்து பில் எழுதினேன். எட்டாவது தாண்டாதவனிடம் பட்டதாரி மாமன் வேலை பார்ப்பதை அவன் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் வலுத்திருந்த வருஷங்கள் அவை. நான் கூட்டங்களுக்குப் போனேன். படித்தவனுக்கு வேலையில் பங்கு வேண்டும் என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். அந்தக் கோரிக்கை நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் கூட்டம் முடிந்து பட்டறைக்குத் திரும்பினால், யாரிடமும் எந்தப் பங்கும் கேட்காமல் இழைப்புளி தள்ளிக்கொண்டிருப்பான் அவன். பார்த்ததும் எனக்கு வயிறு எரியும்.

கரியாலூருக்கு அப்பால் மலையில் ஒரு பழைய பெரிய வீடு. அங்கே ஜன்னல் பழுது பார்க்கப் போனவனிடம் வீட்டுக்காரர் தன் தாத்தாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கியைக் காட்டினார். பெட்டியில் மிச்சம் இருந்தது பித்தளை மூலைகள் இரண்டும் மூடியில் ஒரு துண்டும். அதே மாதிரி புதிதாக ஒன்று செய்துதர முடியுமா என்று கேட்டார்.

“செஞ்சிடலாம் ஐயா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

அடுத்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனான். லைசென்ஸ் துப்பாக்கி என்பதால் அதைக் கீழே அனுப்ப வீட்டுக்காரருக்கு மனமில்லை. குழலையும் அடிக்கட்டையையும் கழற்றிக் காகிதத்தில் படுக்கவைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டான். தடிமனை விரலாலேயே தடவித் தடவி மனதில் வாங்கிக்கொண்டான். வீட்டுக்காரர் சொன்னார்: “ஊட்டியில, பெங்களூர்ல என் சேக்காளிங்க நெறைய பேரு பொட்டி இல்லாம வச்சிக்கினு கீறாங்க. இது சரியா வந்துச்சின்னா உன்ன வுட மாட்டாங்க. பட்டறையே வச்சிக் குடுப்பாங்க. ஒண்ணு மட்டும் பாத்துக்க. இன்னொரு தபா கரையான் அண்டக் கூடாது.”

இறங்கி வரும் பஸ்ஸில் அவன் வாய் மூடவில்லை. “பெங்களூரு மாமா! நீங்களும் வந்துடுங்க. இங்கிலீசு பேச ஆளு வோணுமே எனக்கு.” எனக்கு அவன் ஒதுக்கிய பங்கு அது.

எலவனாசூர்கோட்டையில் இடித்த வீடு ஒன்றின் வாசற்காலை வாங்கிவந்து அறுத்தான்; நூறு வருஷம் காய்ந்த தேக்கு. கல்யாண முருங்கைக் கட்டையில் துப்பாக்கியைப் போலவே ஒரு பொம்மை செதுக்கி, அதை வைத்துப் பெட்டிக்குள் பள்ளம் எடுத்தான். புதுப் பித்தளையைப் புளித்த மோரில் ஊறவைத்து வெயிலில் போட்டு அதற்கு வயதேற்றினான். என் பங்குக்கு மூடியின் உட்புறம் ஒட்டும் துப்பாக்கிக் கம்பெனிச் சீட்டை எழுதினேன். பழைய ஆங்கில எழுத்து, சுழித்துச் சுழித்து, கட்டைப் பேனாவால். எத்தனையோ காகிதம் கிழித்தபின் ஒன்று தேறியது. மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“நல்லாத்தான் கீது” என்றாள். “ஆனா என் தம்பி கையி இருக்குதே, அது சாமி குடுத்த கையி. உங்க கையி சோறு பெசையத்தான் லாயக்கு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பெட்டியின் உட்பள்ளத்தில் துணி ஒட்டுவதற்கு முன்பு வீட்டுக்காரர் பட்டறைக்கு வந்து பார்த்தார். பெட்டியைக் குழந்தையைத் தடவுவதுபோலத் தடவினார். “இன்னாய்யா இது! எங்க தாத்தா பொட்டியே எழுந்து வந்தாப்ல கீது.”

“மூடியில கீற எழுத்து எங்க மாமா எழுதனதுங்க” என்றான் அவன். விட்டுக்கொடுக்காதவன்.

அவர் ஒரு பார்வை பார்த்தார். “அட, அச்சடிச்சதுன்னு இல்ல நெனைச்சேன்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “பில்லு எழுதறவரு நீங்கதானே?” என்று கேட்டுவிட்டு மறுபடி பெட்டியைத் தடவப் போய்விட்டார். பட்டறையில் இருந்த ஒரே நாற்காலியில் அவனை உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

அதற்கு இரண்டொரு நாள் கழித்துப் பசை காய்ச்சினான். புளியங்கொட்டை மாவு. விழுப்புரத்தில் புத்தகம் கட்டுகிற ஒருவரிடம் கற்ற பக்குவம். அவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் சிட்டிகை மயில்துத்தம் போடுவார்கள். இவனுக்குக் கரையான் பயம். ஒரு பிடி அள்ளிப் போட்டான். பசை நீலமாகக் கொதித்தது. கிளறிக்கொண்டே என்னைக் கேட்டான்.

“மாமா, நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவரு. இவ்ளோ போட்டா துணிக்கு எதனா ஆவுமா?”

மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். அதன் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் ஆணி அரிபட்டு, மேலே செம்பு படியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்கிற சோதனை. ஈரம் பட்டால் அந்தத் துணிக்கு அடியில் இருக்கும் பசை என்ன செய்யும் என்பது எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. பொம்மைத் துப்பாக்கி மரம். அதை எத்தனை முறை வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. நிஜத் துப்பாக்கி இரும்பு.

“துணிக்கு ஒண்ணும் ஆகாது” என்றேன்.

அவன் கேட்டது துணியைப் பற்றி. நான் சொன்னதும் துணியைப் பற்றி. இந்தச் சமாதானத்தை நான் எத்தனையோ வருஷம் வைத்திருந்தேன்.

மலை வீட்டில் பெட்டியைக் கொடுத்த அன்று துப்பாக்கி பச்சைத் துணிப் பள்ளத்தில் உட்கார்ந்தது. மூடியை விட்டால், உள்ளிருந்த காற்று பிதுங்கி வெளியேற, மெதுவாகத் தானே இறங்கி மூடிக்கொண்டது. வீட்டுக்காரர் அவனைக் கட்டிக்கொண்டார். வாரா வாரம் வெளியே எடுத்து எண்ணெய் போட்டுத் துடைக்கிற மனிதர் அவர். அப்படியே நடந்திருந்தால் கெடுதல் கொஞ்சத்தோடு நின்றிருக்கும்.

போராட்டம் மறியலாக மாறியது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மற்றவர்கள் தங்கள் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இவர் பெருமையாகப் பெட்டியோடு கொடுத்தார்.

சேதி கேட்டு என் மச்சான் துள்ளினான். “ஸ்டேஷனுக்கு வர்றவன் போறவன்லாம் பொட்டியப் பாத்துட்டுத்தான் போறானாம் மாமா!”

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. அந்த ஸ்டேஷனின் ஓடு ஒழுகும் என்று எல்லாருக்கும் தெரியும். துப்பாக்கியை வெளியே எடுத்து வையுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருக்கலாம். சாலையில் மரம் கிடக்கிறது, பஸ் ஓடவில்லை, யார் போவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதே சாலையில், அதே மரங்களைச் சுற்றிக்கொண்டு, கூட்டங்களுக்கு மட்டும் சைக்கிளில் போய்வந்தேன்.

ஊர் அடங்கித் துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்தபிறகு மலையிலிருந்து ஆள் வந்தது. இருவரும் போனோம். பெட்டி மேஜைமேல் திறந்து கிடந்தது. வீட்டுக்காரர் குழலைத் தூக்கினார். பச்சைத் துணியும் ஒட்டிக்கொண்டு கூடவே எழுந்தது. அடிப்பக்கம் நெடுகச் செம்பும் துருவும் திட்டுத் திட்டாக, நகம் இறங்குகிற அளவுக்குக் குழி.

அவர் சத்தம் போடவில்லை. “சாக்குல சுத்தின நாட்டுத் துப்பாக்கியெல்லாம் தொடச்சா போதும், பளபளன்னு கீது. உன் பொட்டியில வச்சதுதான் போச்சி. எங்க தாத்தாவுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?”

மச்சான் குழலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. “மாமா, நீங்க சொல்லுங்களேன். இது எப்பிடி மாமா ஆச்சி?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இருவரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் என் படிப்பை மதித்து என் முகத்தைப் பார்த்தது அந்த ஒரு முறைதான். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

“மரம் ஈரம் வாங்கியிருக்கும்” என்றேன்.

வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். இவன் பெட்டியின் ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்தான், நூறு வருஷத் தேக்கை. “காஞ்ச மரம்னு நெனைச்சனே” என்று முணுமுணுத்தான். 

ஊட்டிக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் வரவில்லை. அந்தச் சேதி அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அவன் கொஞ்ச நாள் கட்டில், ஸ்டூல் என்று செய்துபார்த்தான். மரம் வாங்கப் போனால் நல்லது கெட்டது தெரியவில்லை என்றான். பட்டறையை மூடிவிட்டுச் சென்னைக்குப் போய், கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் வேலையில் சேர்ந்தான். காரியம் முடிந்ததும் பிடுங்கிப் போடுகிற பலகைகள். எனக்குப் பிறகு அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. அவனுடைய அக்கா அவன் கையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன்.

போன தை மாதம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். முட்டி தேய்ந்து, சாய்ந்து சாய்ந்து நடக்கிறான். மனைவி கடைக்குப் போயிருந்தாள். மயில்துத்தம், ஆணி, நான் சொன்னது, சொல்லாதது எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். திட்டுவான், அடித்தாலும் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன்.

அவன் கேட்டான்: “அப்ப மரத்து மேல தப்பு இல்லியா மாமா?”

“இல்லை.”

“வாசக்கால் மரம், நல்லா காஞ்சது. நான் தட்டிப் பாத்துத்தான் எடுத்தேன். அது சரிதானா?”

“சரிதான். நீ எடுத்தது நல்ல மரம்.”

அவன் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். என்னை அவன் கேட்கவே இல்லை: ஏன் செய்தாய், எப்படி மனசு வந்தது, ஒன்றும் இல்லை. அவன் வாழ்க்கையைக் கெடுத்த நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அவனுக்கு மரத்தைப் பற்றித்தான் தெரியவேண்டியிருந்தது. அந்த நிமிஷத்திலும் எனக்கு வந்தது பொறாமை. அப்படிக் கேட்க எனக்கென்று ஒன்றும் இருந்ததில்லை.

காபியைத் தொடாமல் எழுந்து போனான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவன் கை நனைப்பதில்லை. அக்காவைப் பார்க்க வருகிறான். வாசலில் நின்று பேசிவிட்டுப் போய்விடுகிறான். ஏன்டா உள்ளே வரமாட்டேன் என்கிறாய் என்று அவள் ஒவ்வொரு முறையும் கேட்கிறாள்.

“முட்டி வலிக்குதுக்கா, படி ஏற முடியல” என்கிறான். வாசலில் இருப்பது ஒரே படி.