குளவி மரத்தடியில் ஒரு பருப்பு வாளி

கண்டியில் துணிக்கடை வைத்திருக்கும் எனக்கும் காட்டுக்கும் ஏழு ஜென்மப் பகை. ஆனாலும் நேற்று மடுல்கெல்லப் பக்கம் போனேன். அங்கே தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் என் அக்கா மகள் கவிதா, "எங்க பிள்ளைங்களோட சாப்பாட்ட ஒருதரம் சாப்பிட்டுப் பாருங்க மாமா" என்று கூப்பிட்டிருந்தாள். சாப்பாடு என்று அழைத்து நான் போகாததாக இலங்கைச் சரித்திரத்திலேயே இல்லை.

காலை ஏழு மணிக்குக் கண்டியில் பஸ். வத்தேகம வழியாக ஒன்றரை மணி நேரம். வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். பத்தாயிரத்தைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். கடைத்தெருவிலிருந்து ஆட்டோவுக்கு நானூறு ரூபாய். பாதி வழியில் டிரைவர் நிறுத்திவிட்டார்.

"மண்ணு சரிஞ்சு கெடக்கு சேர், இனிப் போகாது. அந்தா சாப்பாடு கொண்டு போறாங்க, கூடவே குறுக்குப் பாதையில போயிருங்க. வழியில குளவி கூடு கட்டின மரம் இருக்கு, அதுக்கிட்ட மட்டும் வாயத் தொறந்துராதீங்க."

வந்தவர் சாந்தி. மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கும் அதே பள்ளிக்கு, லயத்து வரிசை வீட்டில் சமைத்துக் கொண்டுபோகிறவர். தலையில் சோற்றுப் பானை, கையில் பருப்பு வாளி. என் பக்கத்தில் வந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"ஐயா, சென்ட் போட்டிருக்கீங்களா?"

"சும்மா ஒரு சொட்டு."

"சொட்டா? கல்யாண வீடாட்டம் மணக்குது! குளவியெல்லாம் பந்திக்கு வந்துரும். சட்டையக் கழட்டுங்க."

சட்டை ஆட்டோவில் தங்கியது. பக்கத்துப் பீலிக் குழாயில் கொட்டிய பனித் தண்ணீரில் கழுத்தைத் தேய்த்துக் கழுவி, பனியனோடு பருப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

குளவி மரத்தில் தொங்கிய கூடு பேராதனைப் பாலத்தின் பருமன் என்று எழுத ஆசைதான். உண்மையில் ஒரு பலாப்பழ அளவு. அதுவே போதும், தெரிந்த சாமிகளையெல்லாம் மனதுக்குள் வரிசையாகக் கூப்பிட்டேன். சத்தம் கேட்டாலும் கிளம்புமாம். வாளியின் கைப்பிடி 'கிறீச்' என்றது. ஒரு குளவி இறங்கி, வாளி மூடிய துணியில் உட்கார்ந்தது. சாந்தி திரும்பாமலே கையை உயர்த்தினார்: நில். வாளியைப் போட்டுவிட்டு ஓடலாம். ஓடினால் பருப்பு மண்ணுக்கு, நாங்கள் ஆஸ்பத்திரிக்கு, பிள்ளைகள் பட்டினிக்கு. நின்றேன். அது துணியின் நான்கு மூலையையும் அளந்துவிட்டு ஒருவழியாகப் பறந்தது.

பள்ளி வேலியோரம் நின்ற பிள்ளைகள் பனியனோடு வந்த பிரமுகரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாளியைத்தான் பார்த்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பாங்க மாமா," என்றாள் கவிதா. "பசியில போனா திரும்பி வராதுங்க. கண்டியில வயிறு நெறஞ்ச பிள்ளைக்கும் இதுகளுக்கும் அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் பரீட்சைக்கு ஒரே கேள்வித்தாள்தானே?"

சோறு, பருப்பு, கீரை, நெத்திலி. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு கணக்குப் பாடத்தை எட்டிப் பார்த்தேன்; பிள்ளைகள் உட்காரும் ஒரு வாங்கும் காலியில்லை.

கூட்டை அகற்ற ஆள் வருவதாகத் தோட்டத்தில் சொல்லியிருக்கிறார்களாம். எப்போது என்று யாருக்கும் தெரியாது. வாளியைக் கழுவிக்கொண்டே சாந்தி சொன்னார்: "நாளைக்கு முட்டை. வாறதுன்னா சென்ட கண்டியிலேயே வச்சிட்டு வாங்க ஐயா."

போகிறவர்களுக்கு: வாசனை எதுவும் பூசாதீர்கள், பளிச்சென்ற உடுப்பு வேண்டாம், கூட்டைக் கண்டால் ஓடாதீர்கள். பாதை ஒடுக்கம், சாப்பாடு வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள்.

இதை எழுதுவது மறுநாள், கடையில். பத்து மணிச் சாப்பாடு வந்ததும் செய்தி அனுப்பக் கவிதாவிடம் சொல்லியிருந்தேன். பத்தரை தாண்டிவிட்டது. அளந்த துணியையே மறுபடி அளக்கிறேன். போன் இன்னும் சத்தமே போடவில்லை.