நிஸ்தாரின் நெட்டையன்

போன கிழமை தபால் கந்தோருக்குப் பக்கத்துப் போட்டோக்கொப்பிக் கடையில் அடையாள அட்டைப் பிரதி எடுக்க நின்றேன். மெஷினிலிருந்து சூடாக வந்த தாளைக் கையில் வாங்கியதும் அந்த மணம் மூக்கில் ஏறியது. உங்களுக்கு அது ஒன்றுமில்லாத மணமாக இருக்கலாம். நான் மிச்சக் காசை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

அந்த மணத்துக்குள்தான் நானும் நிஸ்தாரும் ஐந்து வருடம் வேலை செய்தோம். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கோதுமைக் கப்பல்களுக்கும் சீமெந்துக் கப்பல்களுக்கும் கடதாசி வேலை பார்க்கும் சின்னக் கந்தோர். நான் பாலையூற்றிலிருந்து சைக்கிளில் போவேன். அவன் கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து பஸ்ஸில் வருவான். கப்பல் வராத நாட்களில் நாங்கள் அச்சடித்தது கப்பல் கடதாசி அல்ல. அமெரிக்கப் பள்ளிக்கூடப் பையன்களின் பட்டியல்.

சிரிக்காதீர்கள். இணையத்தில் அப்படியொரு விளையாட்டு இருந்தது. அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் கூடைப்பந்து அணிக்கு நீங்கள் கோச். பந்தைக் காணவே மாட்டீர்கள். திரையில் எழுத்தும் இலக்கமும்தான் வரும். ஆட்டத்தைக் கணினியே ஆடி முடித்துவிடும். பள்ளிக்கூடம் முடிக்கும் பையன்களில் நல்லவர்களாகப் பார்த்து உங்கள் கல்லூரிக்கு இழுப்பதுதான் உங்கள் வேலை. அதற்குத் திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் பையனுக்குத் தொலைபேசி அழைப்பு எடுத்ததாகக் கணக்கு. பையன்களும் கணினி பெற்ற பிள்ளைகள்தான். ஆனால் கோச்மார் உண்மையான மனிதர்கள், உலகம் முழுக்க. வாழ்க்கையில் ஒரு கூடைப்பந்து மைதானத்திலும் கால் வைக்காத நாங்கள், ஒரே லீக்கில் இரண்டு நோஞ்சான் கல்லூரிகளை எடுத்திருந்தோம்.

ஆள் சேர்ப்பதில் நான் மடையன். பட்டியலில் முதலாவதாக நிற்பவனுக்கே எல்லா அழைப்புகளையும் கொட்டுவேன். பெரிய கல்லூரி ஒன்று வந்து அவனைக் கொண்டு போய்விடும். நிஸ்தார் பட்டியலைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பான். உயரம் இருந்தும் ஆட்டம் பழகாதவன், வீட்டுக்குக் கிட்டப் படிக்க விரும்புகிறவன், ஒருவரும் கூப்பிடாதவன். அப்படிப்பட்டவர்களின் பெயரைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுவான்.

"நாளுக்கு ஒரே ஒரு கோல்தான் எடுக்கணும் மச்சான். கூட எடுத்தா மத்த கோச்மார்ட கண்ணு படும். ஒரு நாள் விட்டாலும் பொடியன்ட மனசு மாறிடும். இடம் தாறம் எண்டு கடைசி நாள்தான் சொல்லணும்," என்பான்.

அமெரிக்காவின் நடுச்சாமம் எங்களுக்குக் காலைத் தேநீர் வேளை. அப்போதுதான் திரையில் முடிவுகள் மாறும். கழித்த தாள்களை வெளியே போட்டால் ஊருக்குள் திரியும் மான்கள் வந்து தின்றுவிடும். எத்தனை அமெரிக்கப் பையன்கள் திருகோணமலை மான்களின் வயிற்றுக்குள் போனார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

ஒரு வருடம் அவன் கடைசிப் பக்கத்தில் ஏழு அடி உயரமான ஒருவனைக் கண்டெடுத்தான். ஒரு கோச்சும் அவனைச் சீந்தியிருக்கவில்லை. பெயர் எங்கள் வாயில் நுழையாததால் நெட்டையன் என்று வைத்தோம். மூன்று கிழமை, நாளுக்கு ஒரு அழைப்பு. பையன்கள் கையொப்பமிடும் நாளுக்கு ஆறு நாள் இருக்கையில், ஐந்து மாதக் கர்ப்பத்தோடு இருந்த நிஸ்தாரின் மனைவி ஃபர்சானாவை அவசரமாகக் கண்டி ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அவன் கிளம்பும்போது தன் பாஸ்வேர்டைத் துண்டுத் தாளில் எழுதி என்னிடம் தந்தான்.

"மறந்திடாத. நாளுக்கு ஒண்டு."

"ஓம், நீ போ. நான் பாக்கிறன்."

முதல் நாள் அவன் பெயரில் அழைத்தேன். இரண்டாம் நாளிலிருந்து என் பெயரில் அழைத்தேன். ஏன் என்று எனக்கே பல காரணங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஐந்து வருடமும் அவனிடம் தோற்றவன் என்பது ஒன்று. எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. ஆசை வந்தது, எடுத்தேன். கடைசி நாள் இடமும் கொடுத்தேன். நெட்டையன் என் கல்லூரிக்குக் கையொப்பமிட்டான்.

பத்து நாள் கழித்து நிஸ்தார் சவரம் செய்யாத முகத்தோடு வந்தான். பிள்ளை தங்கவில்லை. திரையைத் திறந்து என் அணிக்குள் நெட்டையனைக் கண்டான்.

"உன்ர பாஸ்வேர்ட் வேலை செய்யேல்ல மச்சான்," என்றேன். "வேற ஆக்கள் கொண்டு போயிடுவாங்கள் எண்டுதான் நான் எடுத்தனான்."

"பரவால்ல. உன்னட்டத்தானே வந்தான்," என்றான்.

அவன் என்னை நம்பினான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய் வந்தபோது அச்சு மெஷினில் ஒரு தாள் கிடந்தது. இன்னும் சூடு ஆறவில்லை. நெட்டையனை யார் யார், எந்த நாள் அழைத்தார்கள் என்ற விபரம். நிஸ்தார் கண்டியில் இருந்த முதல் நாளில், அவன் பெயரிலேயே ஓர் அழைப்பு. பாஸ்வேர்ட் வேலை செய்திருக்கிறது. அந்த வரியைச் சுற்றிப் பேனா வட்டம்.

அடுத்த நாள் நிஸ்தார் தன் அணியைக் கைவிட்டான். என்னோடு கப்பல் கதை மட்டுமே கதைத்தான். சில மாதத்தில் கட்டாருக்குப் போய்விட்டான்.

இரண்டு வருடத்தில் நெட்டையன் தேறினான். என் கல்லூரி கோப்பை வென்ற காலையில் கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டேன். "என்ன தம்பி, கப்பல் வந்திட்டுதோ?" என்று மனேஜர் கேட்டார். "இல்ல சேர்," என்று உட்கார்ந்தேன். அதைச் சொல்வதற்கு நிஸ்தாரைத் தவிர எனக்கு வேறு ஆள் இருக்கவில்லை.

பிறகு அந்த விளையாட்டையே மூடினார்கள். கந்தோரும் போய்விட்டது, அங்கே இப்போது திமிங்கிலம் பார்க்க வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறார்கள். போன வருடம் நிஸ்தார் ஊருக்கு வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, மன்னிப்புக் கேட்கவென்றே கிண்ணியாவுக்குப் போனேன். ஃபர்சானா தேநீர் தந்தாள்.

"அந்த நெட்டையன்ர விசயம்..." என்று தொடங்கினேன்.

"எந்த நெட்டையன்? எனக்கு ஞாபகமில்ல," என்றான் நிஸ்தார்.

"என்ன இப்பிடிச் சொல்றீங்க?" என்றாள் ஃபர்சானா. "பிள்ளை இல்லாமப் போன அந்தக் கிழமை ஆஸ்பத்திரியில அதத்தானே சொல்லிக்கிட்டு இரிந்தீங்க. ஏழடியில ஒரு பொடியன் நம்மளுக்கு வாறான், அழாத எண்டு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவன் பொறகு வந்தானா அண்ணன்?"

"வந்தான்," என்றேன்.

நிஸ்தார் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனான். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு படலை தாண்டும்வரை அவன் வெளியே வரவில்லை. பிறகு இரண்டு தடவை அவனுக்குப் போன் எடுத்துப் பார்த்தேன். அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் சொன்னது.