கட்டிங் மிஷின் பூதத்தான்

தாராவியில் பூலோகம் அண்ணாச்சியின் பைண்டிங் பட்டறையில் கட்டிங் மிஷின் ஓட்டியவன் பூதத்தான். தைத்து ஒட்டிக் காய்ந்து வரும் நோட்டுக்கட்டுகளின் ஓரங்களைச் சீவுவது அவன் வேலை. ஜெர்மன் மிஷின், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இரண்டு பட்டன்களையும் இரண்டு கைகளால் சேர்த்து அழுத்தினால்தான் பிளேடு இறங்கும். ஓட்டுகிறவன் கை உள்ளே போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

1986 மே மாதம், பள்ளிக்கூட நோட்டு ஆர்டர் மலையாகக் கிடந்தது.

"எல, ஒரு கையால கட்டைத் தள்ளிக்கிட்டே மறு கையால பட்டன அடிச்சா ரெண்டு மடங்கு ஓடும்லா?" என்றார் அண்ணாச்சி.

பூதத்தான் ஓர் அட்டைத் துண்டை மடித்து இடது பட்டனில் செருகினான். அது அமுங்கியபடியே நின்றது. தப்பு என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் பீஸ் ரேட்டில், சீவிய கட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன், அடுத்த கட்டைத் தள்ளினான்.

எட்டாம் நாள் காலை, சீவல் அள்ளும் நூர் நிஷா பிளேடுக்கடியில் சிக்கிய காகிதத்தை இழுக்கக் கை நீட்டினாள். பூதத்தானின் கண் அடுத்த கட்டின் மேல் இருந்தது. வலது கை பழக்கத்தில் பட்டனை அடித்தது. பிளேடு எப்போதும்போலத்தான் இறங்கி ஏறியது. நோட்டுகளின் ஓரமெல்லாம் சிவந்தது. அவள் வலது கையின் நாலு விரல்கள் சீவலோடு கிடந்தன. அவற்றைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு, அவளை டாக்சியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ஒட்ட வைக்க முடியாது என்றுவிட்டார் டாக்டர்.

அவன் திரும்புவதற்குள் அண்ணாச்சி அட்டையைப் பிடுங்கி எறிந்து, மிஷினைக் கழுவியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு அனுப்பிய மூன்றாம் நாள் சாயங்காலம் அவளைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனான். அவள் புருஷன் உதுமான் மூக்கில் ரத்தத்தோடு தரையில் கிடந்தான். அண்ணாச்சி அனுப்பிய இருவர் நின்றிருந்தார்கள். ஒருவன் அவள் இடது கையை முறுக்கி, பெருவிரலை மை டப்பாவில் அழுத்திக்கொண்டிருந்தான். 'மிஷின் ஓடும்போது நானே கவனமில்லாமல் கையை விட்டேன்' என்று எழுதிய தாள் பக்கத்தில் இருந்தது.

"அண்ணே, ரேகை வைக்க மாட்டேன்னு சொல்லுங்கண்ணே," என்றாள்.

பூதத்தான் வாசலில் கிடந்த அம்மிக்குழவியைத் தூக்கினான். முதல் அடியில் ஒருவனுடைய தாடை விலகியது. இன்னொருவன் கத்தியை உருவிப் பூதத்தானின் தொடையில் இறக்கினான். கத்தி பிடித்த அந்தக் கையைப் பூதத்தான் சுவரோடு வைத்துக் குழவியால் இடித்தான், எலும்பு நொறுங்கும் வரை.

ரத்தம் ஒழுக ஒழுக, அந்தத் தாளோடு பட்டறைக்கு நடந்தான். அண்ணாச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எல, உனக்கு என்னல குறை வச்சேன்?"

தாளை அவர் வாயில் திணித்து அடித்தான். இரண்டு பல் தெறித்தது. தரதரவென்று இழுத்துப் போய் அவர் கையைப் பிளேடுக்கடியில் வைத்து, தன் இடது கையால் அமுக்கிப் பிடித்தான். அண்ணாச்சியின் வேட்டி நனைந்தது. பூதத்தான் வலது பட்டனை அடித்தான். திரும்பத் திரும்ப அடித்தான். அட்டை இல்லாததால் பிளேடு இறங்கவில்லை. அதற்குள் ஆட்கள் பாய்ந்து அவனைக் கீழே தள்ளினார்கள்.

அடிதடிக் கேஸ் கோர்ட்டுக்கு வந்தபோது அவன் எதையும் மறைக்கவில்லை. "அண்ணாச்சி சொன்னார், அட்டையச் செருகினது நான்," என்றான். அந்த வாக்குமூலத்தை வைத்துத்தான் நூர் நிஷாவுக்குப் பின்னால் நஷ்ட ஈடு கிடைத்தது. அவனுக்கு மூன்று வருஷம் ஜெயில்.

வெளியே வந்ததும், நூர் நிஷா குடிமாறிப் போயிருந்த மான்குர்துக்கு விசாரித்துக்கொண்டு போனான். உதுமான் தலையசைத்துவிட்டு எழுந்து வெளியே போனான். நூர் நிஷா டீ போட்டுக் கொடுத்தாள்.

"எனக்காக அடிச்சீங்கன்னு எல்லாரும் பெருமையா சொல்லுதாங்க. அந்த அடியில எனக்கு ஒண்ணும் வந்துடல. என் விரல் போனது உங்க கையால. அத மறக்க முடியல. கோர்ட்டுல உண்மையச் சொன்னதையும் மறக்கல. டீயக் குடிங்கண்ணே. இனிமே வராதீங்க."

அவன் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினான். உல்லாஸ்நகரில் ஒரு துணி குடோனில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. பேப்பர் வெட்டும் வேலைக்குப் பலர் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை.