பத்திரிகையில் போட்ட நாடு

என் தம்பி மகள் தாயில்லாப் பிள்ளை. நான்தான் வளர்த்தேன். டாக்டருக்குப் படிக்க கிர்கிஸ்தான் போனாள். அந்தப் பெயரைத் திருத்தமாகச் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆனது. பெருமையாகப் போய்ச் சொன்னால், எதிர்வீட்டுக்காரி, “அது நாடாக்கா, மாத்திர பேரா?” என்றாள். குழாயடியில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் ரஷ்யா என்றே சொல்லிவந்தேன். ரஷ்யா என்றால் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீடு வேப்பூர். நானே அச்சகத்துக்குப் போய், பத்திரிகையில் அவள் படிப்புக்குப் பக்கத்தில் ரஷ்யா என்று போடச் சொன்னேன். அவள் பார்த்துவிட்டுக் கோபப்பட்டாள். அடித்தாகிவிட்டது, விடு என்றேன். அவளோடு படித்த கிர்கிஸ்தான் பெண் ஒருத்தி கல்யாணத்துக்கு வருகிறாள் என்றதும், மண்டப வாசலுக்கு வரவேற்பு பேனரும் அடிக்கக் கொடுத்தேன். அதில் பெரிதாக ஒரு ரஷ்யக் கொடி. நான் பார்த்துச் சரி சொன்னதுதான்.

பெண்ணழைப்பு அன்று தம்பி அந்தச் சிநேகிதியை ரயில் ஜங்ஷனிலிருந்து கூட்டிவந்தான். சிரித்துக்கொண்டே என்னிடம் கையை நீட்டியவள், பேனரைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கையை இறக்கினாள். தம்பி மகளிடம் தணிந்த குரலில் ஏதோ பேசினாள்.

“என்னா அத்த இப்பிடிப் பண்ணி வெச்சிருக்க? இது இவங்க கொடியே இல்ல.”

“எல்லாம் ஒரே நாடுதானடி?”

“ஒரே நாடா இருந்துச்சு. அது ஒடஞ்சி, ஒவ்வொண்ணா தனியாப் போயி சொதந்திரம் வாங்கிடுச்சு. அப்ப இவங்க அம்மா ஸ்கூல் படிச்சுக்கிட்டு இருந்தாங்களாம். புதுக் கொடிய எல்லாப் புள்ளைங்களும் கலர் பென்சில்ல வரைஞ்சுதுங்களாம். அதுக்கு முன்னாடி வெளியில எங்க போனாலும் ரஷ்யாக்காரங்கன்னுதான் சொல்லுவாங்களாம். எடுத்துடு அத்த.”

எனக்கு நான் முன்பு வேலை பார்த்த செராமிக் கம்பெனி ஞாபகம் வந்தது. நாங்கள் அச்சில் வார்த்து எடுத்த கப்புகளின் அடியில் வேறு ஊர்ப் பெயரைக் குத்தி அனுப்பினார்கள். “எங்க ஊரு பேரு போட ஒங்களுக்கு என்னா கேடு?” என்று முதலாளியை நேருக்கு நேர் கேட்டுவிட்டு, இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்தவள் நான்.

எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஏணி பக்கத்திலேயே சாத்தியிருந்தது. அதற்குள் வேப்பூர் வேன் வந்துவிட்டது. சம்மந்தியம்மா இறங்கி, அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார்.

“ரஷ்யாவுலேருந்து வந்த பொண்ணு இதுங்களா?”

அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் புரிந்தது. என் முகத்தையே பார்த்தாள். தம்பி மகளும் பார்த்தாள்.

“ஆமாங்க, ரஷ்யாதான்,” என்றேன்.

அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. தெரியாமல் சொல்லியிருந்தால் பரவாயில்லை. தெரிந்த பிறகு சொன்னேன்.

அந்தப் பெண் மறுநாள் முகூர்த்தத்துக்குப் புடவை கட்டி வந்தாள். பந்தியில் உட்கார்ந்து கையால் சாப்பிட்டாள். வாசலில் பேனருக்கு முன்னால் எல்லோரும் போட்டோ எடுத்தபோது மட்டும் தள்ளி நின்றுகொண்டாள். ஊருக்குக் கிளம்பும்போது, அவள் அம்மா எனக்கென்று கொடுத்தனுப்பியதை என் கையில் வைத்தாள். கம்பளியில் செய்த படம். சிவப்பு, நடுவில் மஞ்சள் சூரியன். அவர்கள் கொடி.

கூடத்தில் மாட்ட ஆணி அடித்துவிட்டேன். மாட்டினால், சம்மந்தியம்மா வரும்போது இது எந்த நாட்டுக் கொடி என்று கேட்பார். சொன்னால் பத்திரிகையில் போட்டது என்ன என்பார். படம் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. தம்பி மகள் போன் பண்ணும்போதெல்லாம், “மாட்டிட்டியா அத்த?” என்கிறாள். ஆணியில் காலண்டர் தொங்குகிறது.