அம்மாவுக்கு மிச்சம் வைத்த கிளைமாக்ஸ்

போன வருஷம் ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால் வெட்டுகிறேன். முந்தின இரவு முழுக்க மழை. மரம் நனைந்திருந்தால் பால் கண்டபடி வழிந்து வீணாகிவிடும், அதனால் அன்றைக்கு வேலை இல்லை. சரி, மகளுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் காலில் போடச் சப்பாத்தாவது வாங்குவோம் என்று அவளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறினேன்.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் முடிந்திருந்தது. முடிந்த கையோடு வந்துவிடுவேன் என்று மகளின் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனவள். ஆனால் கட்டத் தொடங்கிய வீடு ஜன்னல் மட்டத்தோடு நின்றுவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் போனில் பேசி, இன்னும் இரண்டு வருஷம் இருக்கட்டும் என்று முடிவெடுத்தோம். மகளிடம் கேட்கவில்லை. சின்னப் பிள்ளையிடம் என்ன கேட்பது என்று நினைத்தோம்.

விஷயம் தெரிந்ததும் அவள் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். மனைவிக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. சாயங்காலம் போன் அடித்தால் இவள் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள்.

"பாப்பா எங்கங்க?" என்று அவள் கேட்பாள்.

"வெளையாடுது" என்பேன்.

இப்படி எட்டு வெள்ளிக்கிழமை பொய் சொல்லியாயிற்று. பொய் என்று அவளுக்கும் தெரியும்.

டவுனில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு பழைய தியேட்டர் இருக்கிறது. பெயர் வேண்டாம். நான் இளவட்டமாகத் திரிந்த காலத்திலிருந்தே அங்கே 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' வகைப் படங்கள்தான் ஓடும். குடும்பம் குட்டி உள்ளவன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான். போஸ்டர் கண்ணில் படக்கூடாது என்பதற்காக, "பாப்பா, கண்ண மூடு" என்று மகளைப் பழக்கி வைத்திருந்தேன். பஸ் அந்தத் தியேட்டர் வளைவில் திரும்பினாலே, நான் சொல்லாமலே மூடிக்கொள்வாள். அந்த வளர்ப்பில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சப்பாத்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பஸ்ஸைக் காணோம். ஒதுங்குவதற்கு அந்தத் தியேட்டர் வாசலை விட்டால் வேறு இடமில்லை. மகள் கண்ணை இறுக்கி மூடி, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிக்கெட் கவுண்டரில் இருந்த சிங்கள அம்மா எட்டிப் பார்த்து, பிள்ளையின் கண்ணுக்கு என்ன என்று கேட்டார். எனக்குப் பொய் சட்டென்று வரவில்லை. போஸ்டரைக் கையால் காட்டினேன். அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பய வென்ட எப்பா" என்றார். பயப்படாதே என்று. இந்த வாரம் பிள்ளைகள் பார்க்கிற சிங்களப் படம், நேற்று ஒரு பள்ளிக்கூடமே வந்து பார்த்துவிட்டுப் போனது என்றும் சொன்னார். நான் அப்போதும் நம்பவில்லை. அவர் கவுண்டரை விட்டு எழுந்து வந்து, கதவைக் கொஞ்சம் திறந்து, நீயே பார் என்றார். உள்ளே கைக்குழந்தைக்குப் பால் போத்தல் கொடுத்துக்கொண்டு ஒரு தாய். ஒரு வரிசை முழுக்க ஒரே குடும்பம். போஸ்டரை நான் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. மகளோடு சேர்ந்து நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் இத்தனை நாள் அந்த வழியாகப் போயிருக்கிறேன்.

டிக்கெட் எடுத்தேன். அவளைக் கையைப் பிடித்து இருட்டுக்குள் நடத்திக்கொண்டு போய் உட்காரவைத்தேன். விளக்கெல்லாம் அணைந்த பிறகு மெதுவாகக் கேட்டாள், "அப்பா, இப்ப கண்ணத் தொறக்கலாமா?"

படத்தில் ஒரு மலையோரப் பள்ளிக்கூடம். பிள்ளைகளுக்குப் பெரிய டவுனில் நடக்கும் பேண்ட் வாத்தியப் போட்டிக்குப் போக ஆசை. வாத்தியம் எதுவும் கிடையாது. தகர டின், பழைய சட்டி, தேங்காய்ச் சிரட்டை, கையில் கிடைத்ததையெல்லாம் தட்டிப் பழகுகிறார்கள். போட்டியன்று பார்த்து வெள்ளம் வந்து பாலம் முங்கிவிடுகிறது. கெட்டவன் என்று ஒருவன்கூட அந்தப் படத்தில் இல்லை.

என் சிங்களம் சந்தைக்கும் பஸ்ஸுக்கும் காணும், சினிமாவுக்குக் காணாது. மகள் ரோட்டோரத்துச் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடுகிறவள், அவளுக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு. எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவள் எனக்கு விளக்குவாள். நான் தனியாகச் சிரிப்பேன். பக்கத்து சீட்டுப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கடலைப் பொட்டலத்தை எங்கள் பக்கமும் நீட்டினாள். என்னிடமும் எட்டு வாரமாக மகள் இப்படிப் பேசியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு இடத்தில் தியேட்டரே சிரித்துக் கிடக்கும்போது அவள் மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா இருந்தா எல்லாரையும் விட சத்தமா சிரிப்பாங்க" என்றாள். உண்மைதான். என் மனைவி சிரித்தால் அடுத்த மலைக்குக் கேட்கும். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

படம் பார்த்து வந்த பிறகு மகள் அந்த வாரம் முழுக்க, பால் சேர மரத்தில் கட்டுவோமே, அந்தச் சிரட்டைகளில் வெடித்துப் போனதையெல்லாம் பொறுக்கி வந்து தட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முகம் கழுவி, பொட்டு வைத்து, போன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கும் மழை. நெட்வொர்க் சரியில்லை, முகம் தெரியவில்லை, குரல் மட்டும்தான். போனை அவளே எடுத்து "ஹலோ" என்றாள்.

"பாப்பாவா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து மனைவி கேட்டாள்.

"அம்மா, நானும் அப்பாவும் படம் பாத்தோம். கதை சொல்றேன். நடுவுல பேசக்கூடாது."

ஒரு மணித்தியாலம் சொன்னாள். பேண்ட் வாத்தியம் வரும் இடத்தில் சிரட்டையைத் தட்டிக் காட்டினாள். குவைத்துக்குப் போகும்வரை பத்து வருஷம் என்னோடு பால் வெட்டியவள் என் மனைவி.

"அது நம்ம பால் செரட்டதானே? இன்னொருக்கா தட்டு, பாப்பா" என்றாள்.

மகள் தட்டினாள். மனைவி மூன்று தடவை தட்டச் சொல்லிக் கேட்டாள்.

"சரி, பாலந்தான் முங்கிருச்சே. புள்ளைங்க போய்ச் சேந்தாங்களா இல்லியா?"

"அதச் சொல்ல மாட்டேன். நீங்க வந்தாத்தான் சொல்லுவேன்."

மனைவி சிரித்தாள், அடுத்த மலைக்குக் கேட்கும் அதே சிரிப்பு. பாதியில் அது அழுகையாக மாறியது. நான் விறகு எடுக்கிற மாதிரி பின்பக்கம் போய்விட்டேன்.

தியேட்டரில் அந்தப் படம் அதற்குள் மாறிவிட்டிருந்தது. மறுபடி பழைய மாதிரிப் படங்கள்தான். பஸ் அந்த வளைவில் திரும்பினால் இப்போதும் மகள் கண்ணை மூடுகிறாள், ஆனால் ஒரு கண்ணை மட்டும். அந்தப் படம் திரும்ப வந்திருக்குமா என்று பார்க்கிறாளாம்.

மனைவி வர இன்னும் ஒரு வருஷம் மட்டில் இருக்கிறது. வீட்டுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வைப்பது என்பதைக்கூட இப்போது மூன்று பேரும் பேசித்தான் முடிவெடுக்கிறோம். "நீங்களாவது சொல்லுங்களேன், புள்ளைங்க என்ன ஆச்சு" என்று ஒருநாள் மனைவி என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் பாலத்தைத் தாண்டினார்களா என்று இதைப் படிக்கிற உங்களுக்கும் நான் சொல்லப் போவதில்லை. அதை முதலில் கேட்க வேண்டியவள் இன்னும் வீடு வந்து சேரவில்லை.