டீத்தண்ணீரில் ஊறிய இரண்டு முட்டைகள்

என்னைச் சின்ன வயதில் எல்லோரும் வாயாடி என்றுதான் சொல்வார்கள். அந்த வாயிலிருந்து ஒரே ஒரு முறை, வர வேண்டிய பேச்சு வரவில்லை. அப்போது நான் நாலாம் வகுப்பு.

படப்பையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட ரூம் ஒன்றை வாடகைக்கு விட்டிருந்தோம். அதில் சிவகங்கைப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருந்தார். ஒரகடத்துக் கம்பெனியில் சித்தப்பாவும் அவரும் ஒரே லைன், ஒரே ஷிப்ட். சித்தப்பாவுக்குக் கோழிப் பைத்தியம். விற்கவும் மாட்டார், அறுக்கவும் விட மாட்டார். வேலை முடிந்து வந்து அரை டஜன் கோழிகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பெருவிடை ஜாதிச் சேவலைப் பார்த்தால் இதையெல்லாம் கோழி என்றே சொல்ல மாட்டீர்கள் என்று அந்த அண்ணன் ஒருநாள் சொல்லப்போக, சித்தப்பாவுக்குத் தூக்கம் போனது.

பொங்கலுக்கு ஊருக்குப் போன அண்ணன் பதினோரு முட்டைகளோடு திரும்பினார். பிளாஸ்டிக் வாளியில் உமியைக் கொட்டி, அதில் புதைத்து, பஸ்ஸில் வழிநெடுக மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். எல்லாம் அவருடைய அம்மா பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தவை. பஸ்ஸில் குலுங்கிய முட்டையை உடனே அடை வைக்கக் கூடாது, சாயங்காலம் வரை அசையாமல் இருக்கட்டும், யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு இருவரும் வேலைக்குப் போனார்கள்.

தொடாதே என்று சொன்னால் போதாதா எனக்கு? கூரான முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள். சேவல் எத்தனை என்று பார்க்க, ஒரு கைக்கு ஒன்றாக எடுத்தேன். இரண்டும் இடித்துக்கொண்டு உடைந்தன. மஞ்சள் கரு முழங்கை வரை வழிந்தது.

அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அடுப்பங்கரையில் கடை முட்டை இருந்தது. ஆனால் அது வெள்ளை வெளேர், இவையோ பழுப்பு. கடைக்காரன் டீத்தண்ணியில் முக்கி நாட்டு முட்டை என்று தலையில் கட்டுகிறான் என அம்மா வாரம் ஒரு முறையாவது திட்டுவாள். அன்று அந்த வசவு எனக்குப் பாடமாக உதவியது. காலையில் மிஞ்சிய டீ டிகாஷனில் இரண்டு முட்டைகளை ஊற வைத்து, பாவாடையில் ஒற்றி எடுத்து, உமியில் புதைத்துவிட்டேன். கோழி உட்கார்ந்தால் எந்த முட்டையும் பொரிந்துவிடும் என்றுதான் நம்பினேன். சாயங்காலம் சித்தப்பா பதினொன்றையும் அடைக்கோழிக்கு அடியில் வைத்தார்.

ஏழாம் நாள் முட்டை பார்க்கிற நாள். மத்தியானம் ரூம் கதவைச் சாத்தி, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, டார்ச்சை என் கையில் கொடுத்தார்கள். அதன் மேல் சித்தப்பா ஒவ்வொரு முட்டையாக வைத்தார். உள்ளே சிவப்பு நரம்புகளும் நடுவில் துடிக்கிற ஒரு புள்ளியும் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நானோ என் இரண்டும் எப்போது வருமோ என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது வரை தப்பித்தேன். பத்தாவது ஒன்றுமே இல்லாமல் பளிச்சென்று இருந்தது. பதினொன்றாவதும் அப்படியே.

"இன்னாபா, உங்க ஊரு சேவல் ரெண்டு நாள் லீவு போட்டுச்சா?" என்று சிரித்த சித்தப்பா, சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். கட்டைவிரலில் எச்சில் தொட்டு முட்டையைத் தேய்த்தார். தேய்த்த இடம் வெளுத்தது.

"டீ சாயம்டா இது! கடை முட்டை! ஒடைஞ்சிச்சுன்னு சொல்லியிருந்தா நான் இன்னா கடிச்சா துன்னுடுவேன்?"

"எங்க ஆத்தா பொறுக்கிக் குடுத்ததுண்ணே. சாயம் பூசுற ஆளா அது?" என்றார் அண்ணன்.

"அப்போ கோழி பூசிச்சா? நீ இல்லன்னா, இந்த வூட்ல வேற யாரு?" என்ற சித்தப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

கோபம் வந்தால் சித்தப்பாவுக்குக் கைதான் பேசும். மேலே ஷீட்டில் என் டார்ச் வெளிச்சம் கிடுகிடுவென்று ஆடியது. அண்ணன் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"நாந்தாண்ணே வச்சேன். பஸ்ஸுல ரெண்டு ஒடஞ்சு போச்சு. சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

சித்தப்பா அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. கம்பெனி பஸ்ஸில் மற்ற எல்லோரிடமும் பேசினார். லைன் முழுக்க அண்ணனுக்கு 'டீ முட்டை' என்று பேர் விழுந்தது.

எனக்கு ஒரே குழப்பம். பஸ்ஸிலும் இரண்டு உடைந்திருந்தால் மொத்தம் நாலு அல்லவா வெறும் முட்டையாக இருக்க வேண்டும்? எப்படிக் கூட்டினாலும் கணக்கு உதைத்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த அண்ணனும் ஏமாற்றுக்காரர்தான், நான் ஒருத்தி மட்டுமில்லை. அப்பாடா என்றிருந்தது.

ஒன்பது குஞ்சுகளும் பொரிந்த வாரத்தில் அவர் ரூமைக் காலி செய்துகொண்டு சுங்குவார்சத்திரம் போனார். போகும் முன் கூண்டருகே குந்தி உட்கார்ந்து குஞ்சுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெட்டியோடு அவர் கேட்டைத் தாண்டும்போது, "போவுது பாரு டீ முட்டை" என்றார் சித்தப்பா. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.